காபி மேல் நுரை வந்த கதை: அக்கிலே காஜ்ஜாவும் காயலான் கடையிலிருந்து மீளும் லீவர் மெஷின்களும்

ரீல்ஸ் தள்ளிக்கொண்டே போகும்போது இந்த வீடியோ உங்கள் கண்ணிலும் பட்டிருக்கலாம். எங்கோ ஒரு நிலவறையில் பல வருஷம் கிடந்த, துருவும் ஒட்டடையும் பிடித்த ஒரு பெரிய உலோகப் பெட்டி. ஒருவர் அதை நட்டு நட்டாகக் கழற்றுகிறார், ஊற வைக்கிறார், தேய்க்கிறார், பாலிஷ் போடுகிறார். கடைசியில் பளபளக்கும் மெஷினின் நீண்ட கைப்பிடியைக் கீழே இழுத்து விடுகிறார். அது தானாக மெல்ல மேலே ஏற, தேன் மாதிரி கெட்டியாக, தங்க நிற நுரையோடு காபி இறங்குகிறது.

வீடியோவை நிறுத்தி மெஷினின் முகப்பைப் பார்த்தால், பல சமயம் அங்கே பிரெவெட்டி காஜ்ஜா, மிலானோ என்று எழுதியிருக்கும். காஜ்ஜாவின் காப்புரிமைகள், மிலன் நகரம் என்பது அதன் பொருள். காப்புரிமை வைத்திருக்கிறேன் என்பதையே ஒரு மனுஷன் பிராண்ட் பெயராக முகப்பில் பொறித்துக்கொண்டார் என்றால், அதற்குப் பின்னால் ஏதோ ஒரு பஞ்சாயத்து இருந்திருக்க வேண்டும். இருந்தது.

இன்ஜினீயர் இல்லை, கடைக்காரர்

அக்கிலே காஜ்ஜா பிறந்தது 1895-ல், வட இத்தாலியின் மிலன் நகரில். பெரிய படிப்பாளியோ, தொழிற்சாலை முதலாளியோ இல்லை. மிலனின் பிரேமூதா சாலையில் குடும்பத்துக்குச் சொந்தமான ஒரு பாரை நடத்தியவர். பார் என்றதும் டாஸ்மாக் ஞாபகம் வர வேண்டாம். இத்தாலியில் பார் என்றால் முதலில் காபி. கவுன்டரில் நின்றபடியே ஒரு சின்னக் கப்பைக் குடித்துவிட்டு, சில்லறையை வைத்துவிட்டுக் கிளம்பும் இடம்.

அவர் வளர்ந்த ஊரும் காலமும் முக்கியம். நீராவியால் காபி போடும் மெஷினுக்கு டூரின் நகரத்து ஆஞ்செலோ மோரியோண்டோ 1884-லேயே காப்புரிமை வாங்கியிருந்தார். ஆனால் அது மொத்தமாகக் காபி வடிக்கும் அண்டா மாதிரியான சமாச்சாரம். ஆளுக்கு ஒரு கப், அதுவும் கேட்ட உடனே என்ற ஐடியா மிலனைச் சேர்ந்த லூயிஜி பெட்ஸேராவுடையது, 1901-ல் காப்புரிமை. அதை வாங்கி வியாபாரமாக்கியவர் தெஸிதேரியோ பவோனி. 1906-ல் மிலனில் நடந்த சர்வதேசக் கண்காட்சியில் இந்த மெஷின் வைக்கப்பட்டு, எஸ்பிரெஸோ காபி என்ற பெயர் ஊரெல்லாம் பரவியது. அப்போது காஜ்ஜா பத்து, பதினோரு வயதுப் பையன்.

அந்தக் கால மெஷின்களைப் படத்தில் பார்த்தால் கோயில் கலசம் மாதிரி இருக்கும். நெட்டுக்குத்தாக நிற்கும் உருளை பாய்லர், உச்சியில் ஒரு கழுகு அல்லது தேவதை, சுற்றிலும் வேலைப்பாடு. பார்க்க அழகு. காபியின் ருசி மட்டும் வேற கதை.

பிரச்சினை எங்கே என்று சிம்பிளாகப் பார்க்கலாம். பிரஷர் குக்கரில் நடப்பதுதான் அந்த பாய்லருக்குள்ளும் நடக்கிறது. தண்ணீர் கொதித்து, நீராவி சேர்ந்து, அந்த அழுத்தம்தான் சுடுதண்ணீரைக் காபித் தூள் வழியாகத் தள்ள வேண்டும். கிடைக்கும் அழுத்தம் ஒன்றரை பார் அளவுதான். உங்கள் கார் டயரில் இருக்கும் காற்றே இரண்டு பாருக்கு மேல் இருக்கும். அழுத்தத்தைக் கூட்ட வேண்டுமானால் சூட்டைக் கூட்ட வேண்டும். சூட்டைக் கூட்டினால் தூள் கருகும். கூடவே நீராவியும் தூளில் பட்டுவிடும். ஆக வேகமாகக் கிடைத்தது, ஆனால் கசந்தது. தீய்ந்த வாடை. ஒரு நாள் முழுக்க கவுன்டருக்குப் பின்னால் நின்று இதையே ஊற்றிக் கொடுத்துக்கொண்டிருந்தவர் காஜ்ஜா. வாடிக்கையாளர் முகம் சுளிப்பதை ஆய்வுக்கூடத்தில் இருந்தல்ல, இரண்டடி தூரத்தில் இருந்து பார்த்தவர்.

நீராவியே வேண்டாம் என்றால்?

அழுத்தத்துக்கு நீராவியை நம்பாமல், வேறு ஏதாவது வழியில் தண்ணீரைத் தள்ளினால் என்ன? 1930-களில் இந்தக் கேள்வியைக் கேட்டவர் காஜ்ஜா மட்டும் இல்லை. காபி வரலாற்றை எழுதுபவர்கள் அவருக்கு முன்னால் இன்னொரு பெயரைச் சொல்வார்கள்: கிரெமோனேஸி. மிலனைச் சேர்ந்த இந்தத் தொழில்நுட்பக்காரர் 1936 வாக்கில் ஒரு திருகு பிஸ்டனுக்குக் காப்புரிமை எடுத்தவர். கைப்பிடியைச் சுற்றச் சுற்ற பிஸ்டன் இறங்கி, சுடுதண்ணீரைத் தூள் வழியாக அழுத்தும். அவர் இறந்ததும் அந்த உரிமை அவருடைய மனைவி ரோஸெத்தா ஸ்கோர்ஸாவிடம் வந்தது. அந்த அம்மாளிடம் இருந்துதான் இந்த யோசனை காஜ்ஜாவின் கைக்குப் போனது என்பது பலரும் சொல்லும் கதை.

உலகம் ஞாபகம் வைத்திருப்பது காஜ்ஜாவை. கிரெமோனேஸியின் பெயர் தெரிந்தவர்கள் பழைய மெஷின் பைத்தியங்கள் மட்டும்தான். இந்த இடத்தில் காஜ்ஜாவைத் திருடன் என்று முத்திரை குத்துவதும் சரியில்லை, தனியொரு மேதை என்று தூக்கிப் பிடிப்பதும் சரியில்லை. ஒருவர் தொட்டதை இன்னொருவர் வாங்கி, திருத்தி, ஓட வைப்பதுதான் எஸ்பிரெஸோவின் மொத்த வரலாறும். பெட்ஸேராவிடம் இருந்து பவோனி வாங்கியதும் அதுதானே.

1938 செப்டம்பர் 5-ம் தேதி காஜ்ஜா தன் பெயரில் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார். எண் 365726. அந்தக் கருவிக்கு வைத்த பெயர் லம்போ. இத்தாலிய மொழியில் மின்னல். இது முழு மெஷின் இல்லை என்பதைக் கவனிக்கணும். ஏற்கெனவே கடையில் இருக்கும் மெஷினில் மாட்டிக்கொள்ளும் பாகம், அவ்வளவுதான். ஒரு கடைக்காரர் இன்னொரு கடைக்காரருக்கு யோசித்த மாதிரியான ஐடியா: புது மெஷின் வாங்க வேண்டாம், இதை மட்டும் மாட்டுங்க. சொந்தக் கடையில் வைத்துப் பார்த்தார். 1939-ல் மிலன் சந்தைக் கண்காட்சியிலும் வைத்தார்.

ஆனால் டைமிங் சரியில்லை.

காபியே இல்லாத காபிக்கடை

முசோலினியின் இத்தாலி அப்போது தற்சார்பு, சுதேசி என்று பேசிக்கொண்டிருந்தது. எத்தியோப்பியா மீது படையெடுத்ததற்காகப் பொருளாதாரத் தடைகளும் வந்துபோயிருந்தன. காபிக்கொட்டை கப்பலில்தான் வர வேண்டும்; வரத்து குறைந்தது. வறுத்த பார்லியும் சிக்கரியும் கப்புகளில் ஏறின. நம்ம ஊரில் டிகாக்‌ஷன் கெட்டியாக இருக்கணும் என்று ஆசையாகச் சேர்த்துக்கொள்வோமே, அதே சிக்கரி. அங்கே அது வேறு வழியில்லாத சிக்கரி. பிறகு உலகப் போர். 1943 ஆகஸ்ட்டில் நேச நாடுகளின் குண்டுவீச்சில் மிலன் நகரம் பெரிய அளவில் சிதைந்தது.

நல்ல காபி போடும் மெஷினைக் கண்டுபிடித்து வைத்திருக்கிறார்; ஊரில் நல்ல காபியே இல்லை. நாற்பதுகளின் பாதி வரை இப்படியே போயிற்று. போர் முடிந்தபோது காஜ்ஜாவுக்கு ஐம்பது வயது.

ஸ்பிரிங் செய்த வேலை

திருகு பிஸ்டனில் ஒரு நடைமுறைத் தொல்லை உண்டு. ஒவ்வொரு கப்புக்கும் கைப்பிடியைச் சுற்றிக்கொண்டே இருக்க வேண்டும். காலை நேரக் கூட்டத்தில் இது எடுபடாது. 1947-ல் காஜ்ஜா எடுத்த புதிய காப்புரிமையில் திருகு போய், ஒரு தடித்த ஸ்பிரிங்கும் நீண்ட லீவரும் வந்தன. அமெரிக்க ராணுவ ஜீப்பின் இன்ஜினைப் பார்த்துத்தான் இந்த ஐடியா வந்தது என்று ஒரு கதை சுற்றுகிறது. நல்ல கதை. கதையாகவே வைத்துக்கொள்வோம்.

மெஷின் எப்படி வேலை செய்கிறது என்பதில்தான் அழகு. காபி போடுபவர் லீவரைக் கீழே இழுக்கிறார். உள்ளே பிஸ்டன் மேலே ஏறுகிறது, ஸ்பிரிங் சுருங்குகிறது. பிஸ்டனுக்கு அடியில் உண்டான இடத்தில் பாய்லரில் இருந்து சுடுதண்ணீர் வந்து நிரம்பி, தூளை நனைக்கிறது. சில விநாடிகள் கழித்துக் கையை விட்டால், சுருங்கிய ஸ்பிரிங் விரிந்து பிஸ்டனைக் கீழே தள்ளும். லீவர் தானாக மேலே வரும். தண்ணீர் தூள் வழியாக 8, 9 பார் அழுத்தத்தில் பாயும். கார் டயரைப் போல நாலு மடங்கு. ஸ்பிரிங் விரிய விரிய அழுத்தம் கொஞ்சம் கொஞ்சமாகக் குறையும். மொத்தமே அரை நிமிஷச் சமாச்சாரம். புவியீர்ப்பை மட்டும் நம்பி நம் பில்டர் சொட்டுச் சொட்டாக இறக்கும் டிகாக்‌ஷனோடு ஒப்பிட்டுப் பாருங்கள், எவ்வளவு அவசரமான காபி என்று புரியும்.

இதில் இரண்டு விஷயம் ஒரே நேரத்தில் நடந்தது. ஒன்று, அழுத்தத்தையும் சூட்டையும் பிரித்துவிட்டார். தள்ளுவது ஸ்பிரிங்கின் வேலை, பாய்லர் தண்ணீரைச் சூடு செய்தால் போதும். தூள் கருகவில்லை. இரண்டு, பிஸ்டனுக்கு அடியில் எவ்வளவு தண்ணீர் பிடிக்குமோ அவ்வளவுதான் காபி. இன்றைக்கு எஸ்பிரெஸோ என்றால் 30 மில்லி போல ஒரு சின்னக் கப் என்று உலகமே ஒத்துக்கொண்டிருப்பதற்கு, அந்தச் சிலிண்டரின் கொள்ளளவுக்கும் ஒரு பங்கு உண்டு. ஆங்கிலத்தில் பாரிஸ்டாக்கள் இன்றும் ஷாட்டை இழுப்பதாகச் சொல்வதும் இந்த லீவரால்தான். பட்டனைத் தட்டும் மெஷினில் நின்றுகொண்டும் இழுக்கிறேன் என்றுதான் சொல்கிறார்கள்.

இது என்ன, அழுக்கா?

ஆனால் அவர் திட்டமிடாத ஒன்றும் கப்பில் வந்து விழுந்தது. நுரை.

வறுத்த கொட்டைக்குள் கரியமில வாயு தங்கியிருக்கும். அதிக அழுத்தத்தில் அது தண்ணீரில் கரைகிறது. கப்புக்குள் விழுந்து அழுத்தம் விடுபட்டதும் பொடிப்பொடிக் குமிழிகளாக வெளியே வருகிறது. காபியின் எண்ணெய்ப்பசை அந்தக் குமிழிகளோடு கலந்து, மேலே செம்பழுப்பு நிறத்தில் ஒரு படலமாக நிற்கிறது. நாம் டம்ளரில் இருந்து டபராவுக்கு ஆற்றும்போது வருவது பாலும் காற்றும் சேர்ந்த நுரை. இது பால் துளியும் இல்லாத நுரை.

அதுவரை காபி என்றால் தெளிந்த கறுப்புத் திரவம். மேலே ஏதோ மிதக்கிறதே என்று மிலன்காரர்கள் சந்தேகப்பட்டார்கள். கறி வேகும்போது மேலே திரளுமே, அந்த மாதிரி அழுக்கு நுரையோ என்றுகூட நினைத்தார்கள். கடைக்காரர் புத்தி இங்கேதான் வேலை செய்தது. நுரையைக் குறையாகப் பார்க்காமல் அதையே விற்பனைச் சரக்காக்கினார் காஜ்ஜா. அதற்கு கிரேமா என்று பெயர். அதாவது காபியின் பாலாடை. காபியிலிருந்து இயற்கையாகவே வரும் கிரேமா, நீராவி இல்லாமல் இயங்கும் மெஷின் என்று மெஷின் முகப்பிலேயே விளம்பரம் வந்தது. நல்ல கொட்டை, நல்ல மெஷின் இருந்தால்தான் இது வரும் என்ற எண்ணம் மெல்ல மக்கள் மனதில் பதிந்தது. கொஞ்ச நாளில் நிலைமை தலைகீழ். நுரை இல்லாத கப்பைத்தான் சந்தேகமாகப் பார்த்தார்கள்.

இன்றைய மார்க்கெட்டிங் பாஷையில் சொன்னால், பக்கை ஃபீச்சர் ஆக்கினார். ஐம்பது வயதைக் கடந்த ஒரு காபிக்கடைக்காரர் இதைச் செய்தார் என்பதுதான் செம.

பார்ட்னர் போட்டியாளர் ஆனார்

கண்டுபிடிப்பு காஜ்ஜாவுடையது, ஆனால் அதை எண்ணிக்கையில் தயாரிக்கப் பெரிய பட்டறை வேண்டும். அது எர்னெஸ்தோ வலென்தேவிடம் இருந்தது. அவருடைய கம்பெனி பெயர் ஃபாயெமா. 1948-ல் காஜ்ஜாவின் கிளாசிகா மாடல் அங்கேதான் உருவானது. கூட்டணி ரொம்ப நாள் நிற்கவில்லை. இருவரும் பிரிந்தார்கள். காஜ்ஜா தன் பெயரிலேயே தயாரிப்பைத் தொடர்ந்தார். ஃபாயெமா தன் சொந்த லீவர் மெஷின்களை இறக்கியது. சும்மா இல்லை, சாத்துர்னோ, வேனேரே, மார்த்தே, நெத்தூனோ என்று வரிசையாகக் கிரகங்களின் பெயர். சனி, வெள்ளி, செவ்வாய், நெப்டியூன். காபி மெஷின் கடையா, ஜாதகக் கட்டமா என்று கேட்கத் தோன்றும். சிம்பாலி உள்ளிட்ட மற்ற இத்தாலியக் கம்பெனிகளும் லீவருக்கு மாறின. காப்புரிமைகள் என்ற வார்த்தையைக் காஜ்ஜா தன் மெஷினின் முகத்திலேயே பொறித்துக்கொண்டதன் கோபம் இந்தப் பின்னணியில்தான் புரியும்.

மெஷின்கள் கடல் கடந்தன. லண்டனுக்கு காஜ்ஜாவைக் கொண்டுபோனவர் பீனோ ரிஸெர்வாத்தோ, பல் மருத்துவக் கருவிகள் விற்றுக்கொண்டிருந்த இத்தாலியர். பிரிட்டிஷ் காபியைக் குடித்து நொந்துபோய்த் தொழிலை மாற்றியவர். 1953-ல் சோஹோவின் ஃபிரித் தெருவில் மோக்கா பார் திறக்கப்பட்டது. திறந்துவைத்தவர் நடிகை ஜீனா லோலோபிரிஜிடா. அடுத்த சில வருஷங்களில் லண்டனில் காபி பார் அலையே அடித்தது. சாயங்காலம் உட்கார, மது விற்கும் பப் தவிர இளைஞர்களுக்கு இன்னொரு இடம் கிடைத்தது. ஆஸ்திரேலியாவிலும் இதே காலம்தான். மெல்போர்ன் நகரின் போர்க் தெருவில் பெல்லெக்ரினிஸ் பார் 1954-ல் திறந்தது. குடியேறிய இத்தாலியர்கள் பெட்டியில் தங்கள் ருசியையும் எடுத்துப்போனார்கள். வீட்டு உபயோகத்துக்கும் ஒரு சின்ன லீவர் மெஷினை காஜ்ஜா கொண்டுவந்தார். பெயர் ஜில்டா. ரீட்டா ஹேவொர்த் நடித்த ஹாலிவுட் படத்தின் பெயர் அது.

இந்தியாவுக்கு வந்தது பெயர் மட்டும். நம்ம ஊர் கல்யாண வீடுகளில் புஸ்ஸென்று சத்தம் போடும் மெஷினில் பாலை நுரைக்க வைத்துத் தருவார்களே, எஸ்பிரெஸோ காபி என்று, அதில் இருப்பது பெரும்பாலும் இன்ஸ்டன்ட் தூளும் நீராவியும். காஜ்ஜா எதை ஒழிக்கப் பாடுபட்டாரோ அதே நீராவி! ஆனாலும் இன்னொரு பக்கம், இந்தியக் காபிக்கொட்டையை அதிகம் வாங்கும் நாடுகளில் இத்தாலி முன்வரிசையில் இருக்கிறது. நம் மலைத்தோட்டத்து ரொபஸ்டா பல இத்தாலியக் கலவைகளில் நுரைக்கு உதவுகிறது.

கிரகணம் பிடித்த வருஷம்

1961 பிப்ரவரி 15. இத்தாலியின் மேல் முழு சூரிய கிரகணம். கிரகப் பெயர்களில் மெஷின் விட்ட ஃபாயெமா, அந்த வருஷம் இறக்கிய புது மெஷினுக்குக் கிரகணத்தின் பெயரையே வைத்தது. எக்லிஸ்ஸே என்ற சொல்லின் முதல் எழுத்து, வருஷத்தின் கடைசி இரண்டு இலக்கம். ஈ61.

அதில் லீவர் இல்லை, ஸ்பிரிங் இல்லை. மின்சார பம்ப் 9 பார் அழுத்தத்தைச் சீராகக் கொடுத்தது. காபி போடுபவர் தோள் வலிக்க இழுக்க வேண்டாம், ஒரு சின்னக் கைப்பிடியைத் திருப்பினால் போதும். யார் நின்றாலும் ஏறக்குறைய ஒரே காபி. காஜ்ஜா ஸ்பிரிங்கை வைத்துப் பிடித்த அதே அழுத்தம்தான், பம்ப் வழியாக. ஒரு காலத்தில் அவருடைய மெஷினைச் செய்துகொடுத்த பட்டறையில் இருந்து, அவருடைய லீவரை ஓரங்கட்டும் மெஷின்.

அதே 1961-ல் அக்கிலே காஜ்ஜா காலமானார். கம்பெனி மகன் கமில்லோவின் கைக்குப் போனது. பின்னாளில், 1999-ல் ஸயெகோ அதை வாங்கியது. ஸயெகோவை 2009-ல் பிலிப்ஸ் வாங்கியது. இன்று ஆன்லைனில் காஜ்ஜா என்று தேடினால் முதலில் வருவது வீட்டுக்கான சின்ன பம்ப் மெஷின்கள்.

பழைய இரும்பு, புது வாஷர்

பம்ப் வந்ததும் லீவர் மெஷின்களுக்கு நேர்ந்த கதிதான் ரீல்ஸில் நாம் பார்ப்பது. புது மெஷின் வந்ததும் பழசு நிலவறைக்குப் போனது. இடம் போதாதபோது காயலான் கடைக்கு. உள்ளே இருப்பது செம்பும் பித்தளையும், எடைக்கு நல்ல விலை. எத்தனையோ மெஷின்கள் அப்படி உருக்கப்பட்டுவிட்டன. மிச்சம் இருப்பதைத் தேடிப் போகிறவர்கள் மூடிய பார்களின் கிடங்கு, கிராமத்துக் கொட்டகை, ஏலம், பழைய மெக்கானிக்குகளின் பட்டறை என்று அலைகிறார்கள். இந்த வேட்டையில் பெரிய பெயர் இத்தாலியின் என்ரிகோ மால்தோனி. 1980-களின் கடைசியில் தொடங்கி அவர் சேர்த்தவற்றோடு, சிம்பாலி குழுமம் 2012-ல் மிலன் அருகே பினாஸ்கோவில் மூமாக் என்ற காபி மெஷின் மியூசியத்தைத் திறந்தது. எஸ்பிரெஸோவின் நூறு வருஷத்தை வரிசையாக நின்று பார்க்கலாம்.

மியூசியத்துக்குப் போகாத மெஷினை வீட்டு கராஜில் உயிர்ப்பிப்பவர்களின் வேலை வேறு மாதிரி. முதல் வாரம் முழுக்க கழற்றுவதிலேயே போகும். ஒவ்வொரு பாகத்துக்கும் போட்டோ, ஒவ்வொரு போல்ட்டுக்கும் தனி டப்பா, லேபிள். இதைச் செய்யாதவர்கள் மூன்று மாசம் கழித்து அழுவார்கள். பல வருஷம் சூட்டில் இருந்த ரப்பர் வாஷர்கள் கல்லாக இறுகியிருக்கும், சுரண்டித்தான் எடுக்கணும். பாய்லரின் உள்ளே உப்புப் படிவு, போர்வெல் தண்ணீர் ஓடிய கீஸர் மாதிரி. சிட்ரிக் ஆசிட் கலந்த தண்ணீரில் ஊறவைத்துக் கரைக்க வேண்டும்.

இது விளையாட்டான பொழுதுபோக்கு இல்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். பழைய பாய்லர்களைச் சுற்றி வெப்பம் போகாமலிருக்க ஆஸ்பெஸ்டாஸ் சுற்றியிருப்பது சகஜம். அந்த இழை மூச்சில் போனால் நுரையீரலுக்கு ஆபத்து. பிய்த்துப் போடக் கூடாது, அதற்கான ஆட்களிடம் விட வேண்டும். துணி சுற்றிய அந்தக் கால ஒயர்கள் தொட்டாலே உதிரும். ஸ்பிரிங் இன்னொரு வில்லன். அதற்குரிய சாதனத்தால் அழுத்திப் பிடிக்காமல் மூடியைத் திறந்தால் குண்டு மாதிரி பாயும். மெஷின் ஓடத் தொடங்கிய பிறகும், தூள் போடாமல் லீவரை இழுத்து விட்டால் எதிர்ப்பே இல்லாமல் அது வெடுக்கென்று மேலே வரும். தாடை அங்கே இருந்தால் தாடை போச்சு.

கடைசியாக பாய்லர் சோதனை. நீராவியால் சோதிக்கக் கூடாது. குளிர்ந்த தண்ணீரை முழுக்க நிரப்பி, வழக்கமான அழுத்தத்தைவிடக் கூடுதலாக ஏற்றிப் பார்ப்பார்கள். ஏதாவது இணைப்பு விட்டுப்போனால் தண்ணீர் கசியும், அவ்வளவுதான். நீராவியாக இருந்தால் வெடிக்கும். சேஃப்டி வால்வ் மட்டும் எப்போதும் புதுசு.

இந்த வட்டாரத்தில் தீராத சண்டை ஒன்று உண்டு. குரோம் முலாமை மறுபடி பூசிப் புதுசு போல ஆக்குவதா, கீறலும் மங்கலுமாக அப்படியே விடுவதா? கண்ணாடி மாதிரி பளபளத்தால்தான் வீடியோவுக்கு லைக் வரும். ஆனால் எழுபது வருஷம் ஆயிரக்கணக்கான கைகள் பட்டு மழுங்கிய லீவர் பிடியைப் புதுசாக்கிவிட்டால், பிறகு அதில் பழசு என்று என்ன இருக்கிறது? அழுத்தம் தாங்கும் பாகங்களைத் தயங்காமல் மாற்றி, முகத்தை மட்டும் அதன் வயதோடு விடுபவர்களின் மெஷின்கள்தான் பார்க்க நன்றாக இருக்கின்றன.

வாஷருக்கு எங்கே போவது என்ற கவலை பெரிதாக இல்லை. ஸ்பிரிங் லீவர் மெஷின்கள் இன்றும் தயாராகின்றன, பல பழைய மாடல்களுக்கும் பாகங்கள் கிடைக்கின்றன. கிடைக்காததை லேத் பட்டறையில் கடைந்துகொள்ளலாம். இதில் ஒரு வேடிக்கை: இன்றைய விலை உயர்ந்த மெஷின்கள் முதலில் அதிகமாகவும் போகப் போகக் குறைவாகவும் அழுத்தம் கொடுக்க எலெக்ட்ரானிக்ஸ் வைத்துக்கொண்டு மெனக்கெடுகின்றன. காஜ்ஜாவின் ஸ்பிரிங் அதைச் சும்மா விரிந்தே செய்தது.

எல்லாம் மாட்டி, தண்ணீர் நிரம்பி, அழுத்தமானியின் முள் ஏறிய பிறகும் முதல் சில கப்புகளைக் குடிக்க முடியாது. சிட்ரிக் ஆசிட், கிரீஸ், உலோகம் எல்லாம் சேர்ந்த ஒரு வாடை. போட்டு போட்டுக் கீழே கொட்ட வேண்டும். தூளை இன்னும் கொஞ்சம் பொடியாக அரைத்து, மறுபடி லீவரை இழுத்து, எட்டு விநாடி பிடித்து விட்டால், முதலில் கறுப்பாக ஒரு சொட்டு, பிறகு பழுப்பாக ஒரு இழை, அதன் மேல் நுரை.